நாத்தனாரின் குழந்தையை நான் சுமந்தேன்: தங்கை ஒருவரின் கேள்விக்குப் பதில்கள்

கேள்வி: மடிப்பாக்கத்திலிருந்து ஒரு வாசகி, 12 ஜூன் 2025

எனக்கு வயது 27. மூன்று வயதில் ஒரு மகள் இருக்கிறாள். அக்காவுக்கு 34. இரண்டு ஆண்டுகளுக்கு முன் அவளுக்குக் கர்ப்பப்பையை எடுத்துவிட்டார்கள், சினைப்பைகள் இருக்கின்றன. இரத்த சொந்தம்தான் வாடகைத் தாயாக இருக்க முடியும் என்று சட்டமே சொல்கிறதாம். "தங்கை நீ இருக்கும்போது அவள் யாரிடம் போய் நிற்பாள்?" என்று அம்மா கேட்கிறார். இது உண்மையா? உடம்புக்கு என்ன ஆகும்? அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.

12 ஜூன் 2025, இரவு 10.50

உண்மையில்லை. இரத்த சொந்தமாக இருக்க வேண்டும் என்று சட்டத்தில் எங்கும் இல்லை. "விருப்பமுள்ள பெண்" என்றுதான் இருக்கிறது. அந்த "விருப்பமுள்ள" என்ற சொல்லை உங்கள் அம்மாவிடம் இரண்டு முறை படித்துக் காட்டுங்கள்.

நான் என் நாத்தனாருக்காகச் சுமந்தவள். குழந்தை 2024 பிப்ரவரியில் சென்னையில் பிறந்தாள். இன்று நன்றாக ஓடுகிறாள். எனக்கு அப்போது 32 வயது, மகனுக்கு ஏழு. வாடகைத் தாயாக இருப்பவருக்கு 25 முதல் 35 வயது இருக்க வேண்டும்; திருமணமானவராகவும், தனக்கென்று குழந்தை உள்ளவராகவும் இருக்க வேண்டும். வாழ்நாளில் ஒரு முறைதான். உங்கள் கருமுட்டையை எடுக்க மாட்டார்கள், சட்டம் அதைத் தடுக்கிறது. அக்காவின் கருமுட்டையும் அவர் கணவரின் விந்தணுவும் சேர்ந்த கருவைத்தான் உங்களிடம் வைப்பார்கள். ஆகவே நீங்கள் அந்தக் குழந்தைக்குச் சித்திதான்.

இந்தச் சட்டம் 2022 ஜனவரி 25 முதல் நடைமுறையில் இருக்கிறது. முதலில் உறவினர் என்று வைத்திருந்து, பிறகு மாற்றினார்கள்.

13 ஜூன் 2025, காலை 6.15

நேற்றுக் கடைசி வரியில் அவசரப்பட்டுவிட்டேன். சட்டம் வந்த பிறகு மாற்றவில்லை. 2019 மசோதாவில்தான் "நெருங்கிய உறவினர்" என்று இருந்தது. மாநிலங்களவையின் தேர்வுக் குழு அது வேண்டாம் என்று பரிந்துரைத்தது. 2021இல் சட்டமாக நிறைவேறியபோது அந்தச் சொல் இல்லை. உங்கள் அம்மா கேள்விப்பட்டது அந்தப் பழைய மசோதாவாக இருக்கலாம். இன்னொரு குழப்பமும் உண்டு. வாடகைத் தாய்க்குச் சட்டம் தரும் விளக்கத்தில் "மரபணுத் தொடர்புடைய" என்று ஒரு சொற்றொடர் வருகிறது. அது குழந்தைக்கும் பெற்றோருக்கும் உள்ள தொடர்பைச் சொல்வது. சுமக்கும் பெண்ணைப் பற்றியது என்று பலர் தவறாகப் படித்துவிடுகிறார்கள்.

ஆனாலும் நாங்கள் போன இடங்களிலெல்லாம் முதல் கேள்வி "என்ன உறவு?" என்பதுதான்.

15 ஜூன் 2025, மாலை

காகிதங்களைப் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். அக்கா தரப்பில் மூன்று வேண்டும். ஒன்று, அவரால் சுமக்க முடியாது என்று மாவட்ட மருத்துவ வாரியம் தரும் சான்று. கர்ப்பப்பையே இல்லை என்பதால் அதில் விவாதத்துக்கு இடமில்லை. இரண்டு, குழந்தை யாருடையது என்று முதல் வகுப்பு நீதித்துறை நடுவர் பிறப்பிக்கும் ஆணை. பிறந்த பிறகு குழந்தையின் பிறப்புக்கு அதுவே ஆதாரம். சான்றிதழில் உங்கள் பெயர் வராது. மூன்று, உங்கள் பெயரில் 36 மாதங்களுக்கு மருத்துவக் காப்பீடு. இவற்றோடு தம்பதிக்குத் தகுதிச் சான்று தனியாக உண்டு: மனைவிக்கு 23 முதல் 50 வயது, கணவருக்கு 26 முதல் 55 வயது, உயிரோடு வேறு குழந்தை இருக்கக் கூடாது. உடல்நலக் குறையுள்ள குழந்தை இருந்தால் விலக்கு உண்டு.

உங்கள் தரப்பில் உடல் தகுதிச் சான்றும் மனத் தகுதிச் சான்றும். பிறகு ஒப்புதல் படிவம், நீங்கள் படித்துப் புரிந்துகொள்ளும் மொழியில். ஆங்கிலத்தில் நீட்டினால் கையெழுத்துப் போடாதீர்கள். எனக்கு முதலில் ஆங்கிலப் படிவத்தைத்தான் நீட்டினார்கள். தமிழில் கேட்டேன். நான்கு நாள் தாமதமானது. அந்த நான்கு நாளும் வீட்டில் யாரும் என்னிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை.

21 ஜூன் 2025, இரவு

உடம்பைப் பற்றி.

முதலில் கர்ப்பப்பையின் உட்சவ்வைத் தடிக்க வைக்க மாத்திரைகள். ஸ்கேனில் ஏழு, எட்டு மில்லிமீட்டராவது வந்தால்தான் கருவை வைப்பார்கள். பிறகு புரொஜெஸ்டிரோன் என்ற ஹார்மோன் ஊசி. எண்ணெயில் கரைத்த மருந்து, இடுப்புக்குக் கீழே தசையில் ஆழமாகப் போக வேண்டும். ஊசி போட்ட இடம் கொட்டைப் பாக்குப் போலக் கட்டிக்கொள்ளும். இன்று இடப்பக்கம், நாளை வலப்பக்கம். பத்தாவது வாரத்துக்குள் இரண்டு பக்கமும் கட்டி; மல்லாந்து படுக்க முடியாது. தெருமுனைக் கிளினிக்கின் செவிலியர் அக்கா தினமும் மாலை ஏழு மணிக்கு வருவார். என் மாமியார் வெந்நீர்ப் பையைத் தயாராக வைத்திருப்பார். என் மகன் தன் சிலேட்டில் ஊசிகளுக்குக் கோடு போட்டு வந்தான். நாற்பதுக்கு மேல் அவனுக்கும் அலுத்துவிட்டது.

கரு வைப்பது வலிக்காது, பத்து நிமிட வேலை. ஐந்து நாள் வளர்ந்த ஒரே ஒரு கருவைத்தான் வைத்தார்கள். 2023 மார்ச்சில் முதல் முறை. பதினான்காம் நாள் இரத்தப் பரிசோதனையில் ஒன்றுமில்லை என்று வந்தது. நாத்தனார் என்னிடம் மன்னிப்புக் கேட்டாள். நான் அவளிடம் கேட்டேன். யார் யாரிடம் கேட்பது என்று தெரியாமல் கருத்தரிப்பு மையத்தின் மாடிப்படியில் உட்கார்ந்து இருவரும் அழுதோம். ஜூனில் இரண்டாம் முறை வைத்த கரு தங்கியது. விதிகளின்படி ஒரு பெண்ணிடம் மூன்று முறைக்கு மேல் முயலக் கூடாது.

அதன் பிறகு எல்லாக் கர்ப்பத்தையும் போலத்தான். வாந்தி, கால் வீக்கம், ஐந்தாம் மாத ஸ்கேன். முப்பத்தாறாம் வாரத்தில் எனக்கு இரத்த அழுத்தம் ஏறியது. முப்பத்தேழில் அறுவைச் சிகிச்சை செய்தார்கள். மகன் எனக்குச் சுகப்பிரசவம். இவளுக்காகத்தான் என் வயிற்றில் தையல் விழுந்தது. வருத்தப்பட்டுச் சொல்லவில்லை, நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும் என்பதற்காகச் சொல்கிறேன்.

22 ஜூன் 2025

நேற்று எழுத விட்டது: குழந்தை இல்லாமல் வீட்டுக்கு வந்தாலும் பால் சுரக்கும்.

22 ஜூன் 2025, பிற்பகல்

அந்த ஒரு வரியைப் படித்துவிட்டுச் சிலர் கேட்டிருப்பதால் விரிவாகவே சொல்கிறேன். பால் வற்ற மாத்திரை உண்டு. பிரசவமான முதல் நாளே போட்டால் நன்றாகக் கேட்கும். நான் வேண்டாம் என்றேன். சீம்பாலையாவது அவள் குடிக்கட்டும் என்று இரண்டு நாள் கையால் பீய்ச்சிக் கிண்ணத்தில் கொடுத்தேன். நாத்தனார் அதைப் பாலாடையில் ஊற்றிப் புகட்டுவாள். குழந்தை பக்கத்து அறையில். மூன்றாம் நாள் விடியற்காலையில் மார்பு கல்லாகி, ரவிக்கை நனைந்து, அந்த நேரம் பார்த்துச் சுவருக்கு அப்பால் அவள் அழுதாள். எழுந்து போகக் கால் துடித்தது. போகவில்லை. மணியடித்துச் செவிலியரை அழைத்து மாத்திரை கேட்டேன். முட்டைக்கோஸ் இலையை வைத்துக் கட்டிக்கொண்டு ஒரு வாரம் கிடந்தேன்.

உடம்புக்கு ஒப்பந்தம் எதுவும் தெரியாது. முன்கூட்டியே முடிவு செய்து மருத்துவரிடம் எழுதிக் கொடுத்துவிடுங்கள். அந்த விடியற்காலையில் முடிவெடுக்கும்படி விட்டுவிடாதீர்கள்.

5 ஜூலை 2025

வளைகாப்பு நடந்ததா என்று ஒருவர் கேட்கிறார். நடந்தது, பெரிய வாக்குவாதத்துக்குப் பிறகு. யார் கையில் வளையல் போடுவது? சுமப்பவள் நான். அம்மா அவள். என் மாமியாரின் அக்கா, "வயிறு இவளுடையது, சடங்கும் இவளுக்குத்தான்" என்றார். இன்னொரு பெரியவர், "குழந்தை எந்த வீட்டு வாரிசோ அந்த மருமகளுக்குத்தான்" என்றார். கடைசியில் இரண்டு மணை போட்டார்கள். எனக்கு வலக்கையில் தொடங்கினார்கள், அவளுக்கு இடக்கையில். ஐந்து வகைச் சோறும் இரண்டு இலையில் விழுந்தது. கண்ணாடி வளையல் சத்தம் வயிற்றில் இருக்கும் குழந்தைக்குக் கேட்கும் என்பார்கள் அல்லவா, அதனால் அவள் தன் இரு கைகளையும் என் வயிற்றின் மேல் வைத்துக் குலுக்கிக்கொண்டே இருந்தாள்.

முறை விஷயத்தில்தான் எங்கள் வீட்டில் இன்னும் தீர்ப்பு வரவில்லை. நாத்தனார் மகள் என் மகனுக்கு அத்தை மகள். முறைப்பெண். ஆனால் ஒரே வயிற்றில் கிடந்தவர்கள். ஊரிலிருந்து வரும் கிழவிகள் வழக்கம்போல "உன் பெண்டாட்டி வந்திருக்கிறாள் பார்" என்று அவனைச் சீண்டத் தொடங்கிவிட்டு, பாதியில் நாக்கைக் கடித்துக்கொள்கிறார்கள். அவனுக்கு இப்போது ஒன்பது வயது. "எங்கள் வீட்டிலிருந்துதானே போனாள், தங்கச்சிதான்" என்று சொல்லிவிட்டான். அவன் சொன்னதையே நான் வைத்துக்கொண்டேன். உங்களுக்கு இந்தச் சிக்கல் வராது. அக்காவின் பிள்ளை உங்கள் மகளுக்கு எப்படியும் உடன்பிறப்பு முறைதான்.

19 ஜூலை 2025

"வாடகைத் தாய்" என்று எழுதாதீர்கள், கொச்சையாக இருக்கிறது என்று ஒருவர் கண்டித்திருக்கிறார். எனக்கும் அந்தச் சொல் பிடிக்கவில்லை. ஒரு ஸ்கேன் மையத்தின் வரவேற்பறையில், முப்பது பேர் உட்கார்ந்திருக்க, "அந்த வாடகை கேஸ் வந்துவிட்டதா?" என்று உள்ளேயிருந்து ஒருவர் குரல் கொடுத்தார். 2022 அக்டோபரில் ஒரு திரை நட்சத்திரத் தம்பதிக்கு இரட்டைக் குழந்தைகள் பிறந்து, அரசு விசாரணை வரை போனதிலிருந்து இந்தச் சொல் சென்னையில் எல்லோர் வாயிலும் இருக்கிறது. அன்று அந்த அறையில் முப்பது பேரும் என் கழுத்தைப் பார்த்தார்கள், தாலி இருக்கிறதா என்று. பிறகு என் செருப்பைப் பார்த்தார்கள், ஏழையா என்று. எழுந்து நின்று "நான் அந்தக் குழந்தையின் அத்தை" என்று சொன்னேன். பதிலித் தாய் என்று சிலர் எழுதுகிறார்கள். நல்ல சொல்தான். ஆனால் தேடுகிறவர்கள் வாடகைத் தாய் என்று தேடித்தான் இங்கு வருகிறார்கள்; அதனால் அதையே எழுதுகிறேன்.

வாடகை என்ற பேச்சுக்கே சட்டத்தில் இடமில்லை. மருத்துவச் செலவு, சட்டம் அனுமதிக்கும் பிற செலவுகள், காப்பீடு இவற்றுக்கு மேல் ஒரு ரூபாய் கை மாறக் கூடாது. பணம் கொடுத்து ஏற்பாடு செய்யும் தம்பதிக்கு முதல் முறை ஐந்து ஆண்டு வரை சிறையும் ஐந்து லட்சம் வரை அபராதமும் உண்டு. இதில் எனக்கு இரண்டு மனம். குஜராத்தின் ஆனந்த் நகரில் பெண்களை விடுதியில் தங்க வைத்து, வெளிநாட்டாருக்குப் பிள்ளை பெற்றுக் கொடுத்த காலம் ஒன்று இருந்தது. 2015இல் வெளிநாட்டாருக்குக் கதவை மூடினார்கள். அது மறுபடி வரக் கூடாது. ஆனால் நான் வீட்டில் ரவிக்கை தைப்பவள். ஏழு மாதம் என் தையல் இயந்திரம் துணி மூடிக் கிடந்தது. வாடிக்கைக்காரர்கள் வேறு கடை பார்த்துக்கொண்டார்கள். என் நாத்தனார் தனியார் பள்ளி ஆசிரியை. தன் கருமுட்டையில் உருவான குழந்தையைக் கையில் வாங்கும் தாய்க்கு மகப்பேறு நலச் சட்டத்தின் 2017 திருத்தத்தின்படி பன்னிரண்டு வாரம் ஊதியத்தோடு விடுப்பு உண்டு, அவளுக்குக் கிடைத்தது. அதற்கும் முன்னால், 2013இல், சென்னைத் துறைமுகப் பெண் ஊழியர் ஒருவர் இந்த விடுப்புக்காக நீதிமன்றம் போய், நீதிபதி சந்துருவிடம் சாதகமான தீர்ப்புப் பெற்றார். 2024 ஜூன் முதல் மத்திய அரசுப் பணியில் இருந்தால் சுமக்கும் பெண்ணுக்கும் 180 நாள் விடுப்பு. வீட்டில் தைப்பவளுக்கு? தியாகம் என்று பெயர் வைத்தால் கூலி கேட்க வாய் வராது.

3 ஆகஸ்ட் 2025, நள்ளிரவு

முதல் நாள் எழுதியதற்குத் திரும்பி வருகிறேன். "விருப்பமுள்ள பெண்" என்ற சொல்லை அம்மாவிடம் படித்துக் காட்டச் சொன்னேன். ஏழு வாரமாக அந்த வரி என்னை உறுத்துகிறது. என்னை யார் கேட்டார்கள்?

நாத்தனாருக்கு 2021இல் பிரசவத்தின்போது இரத்தப்போக்கு நிற்கவில்லை. குழந்தையும் போனது, உயிரைக் காப்பாற்றக் கர்ப்பப்பையையும் எடுத்தார்கள். ஓராண்டு அந்த வீட்டில் யாரும் சத்தமாகச் சிரிக்கவில்லை. 2022 தீபாவளி கழிந்து ஒரு ஞாயிற்றுக்கிழமை, சாப்பாட்டில் வஞ்சிர மீனின் நடுத்துண்டு என் தட்டில் விழுந்தது. கல்யாணமாகி எட்டு ஆண்டுகளில் அது என் கணவருக்கும் மாமனாருக்கும் போகும் துண்டு. மாமியார் ஒன்றும் சொல்லவில்லை, என் முகத்தைப் பார்க்கவும் இல்லை. எனக்குப் புரிந்துவிட்டது. அன்று இரவு நானே கணவரிடம் "நான் சுமக்கிறேன்" என்றேன். எல்லோரும் அதைத்தான் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள், அவளாகவே முன்வந்தாள் என்று. நானும் அப்படித்தான் சொல்லி வந்தேன்.

மனத் தகுதிச் சான்றுக்காகப் போனபோது மருத்துவர் என் கணவரை வெளியே அனுப்பிவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார். "நீங்கள் முடியாது என்று சொன்னால் வீட்டில் என்ன நடக்கும்?" ஒன்றும் நடக்காது என்றேன். எனக்குத் தெரியாது என்பதே உண்மை. முடியாது என்று சொல்லிப் பார்க்காதவளுக்கு அது எப்படித் தெரியும்?

சட்டத்துக்குப் புறம்பான காரணத்துக்காக ஒரு பெண் வாடகைத் தாயாக்கப்பட்டால், கணவரோ தம்பதியோ உறவினரோ அவளைக் கட்டாயப்படுத்தியதாகவே நீதிமன்றம் முதலில் கருத வேண்டும் என்று இந்தச் சட்டத்திலேயே ஒரு பிரிவு இருக்கிறது. எழுதியவர்களுக்கு நம் வீடுகள் தெரிந்திருக்கின்றன.

அந்தக் குழந்தைக்காக நான் வருந்தவில்லை. மறுபடியும் கேட்டால் மறுபடியும் சுமப்பேன். ஆனால் கேட்க வேண்டும்.

4 ஆகஸ்ட் 2025

நேற்று எழுதியதைப் படித்துவிட்டு நாத்தனார் தொலைபேசியில் அழைத்தாள். வெகுநேரம் பேசவில்லை, மூச்சு மட்டும் கேட்டது. "அண்ணி, நான் கேட்கவே இல்லையா?" என்றாள். இல்லை என்றேன். மாலையில் குழந்தையைத் தூக்கிக்கொண்டு குரோம்பேட்டையிலிருந்து பஸ் ஏறி வந்துவிட்டாள். இருவரும் இட்லிக்கு மாவு அரைத்தோம்.

அவள் செய்ததையும் சொல்ல வேண்டும். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல். வேளச்சேரியில் எங்கள் தெருவில் தண்ணீர் இடுப்புக்கு மேல். எனக்கு ஏழாம் மாதம். தரைத்தளத்திலிருந்து என்னை நாற்காலியில் வைத்து மாடி வீட்டுக்குத் தூக்கிப் போனார்கள். மின்சாரம் இல்லை, தொலைபேசி இல்லை. இரண்டாம் நாள் மாலை அவளும் அவள் கணவரும் நனைந்து வந்து நின்றார்கள். தலையில் ஒரு பை, அதில் நான்கு ஆவின் பால் பாக்கெட், ரொட்டி, என் இரும்புச்சத்து மாத்திரை. "குழந்தை எப்படி இருக்கிறது?" என்று அவள் கேட்கவில்லை. "அண்ணி, சாப்பிட்டீர்களா?" என்றுதான் கேட்டாள்.

9 ஆகஸ்ட் 2025

இதை முதலிலேயே கேட்டிருக்க வேண்டும், நான்தான் தவறவிட்டேன். உங்களுக்கு 27 வயது, ஒரே மகள். இரண்டாவது குழந்தை வேண்டும் என்று நினைக்கிறீர்களா? என் நாத்தனார் கர்ப்பப்பையை இழந்தது ஒரு சாதாரணப் பிரசவத்தில். அக்காவுக்காகச் சுமக்கும் கர்ப்பத்திலும் அதே ஆபத்து உண்டு. தன் குடும்பம் நிறைந்துவிட்ட பெண்தான் இதற்கு நல்லது என்று பல மருத்துவர்கள் நினைப்பது அதனால்தான். நான் முன்வந்தபோது என் ஒரு மகனே போதும் என்று நாங்கள் முடிவு செய்திருந்தோம். நீங்கள் அதைப் பற்றி ஒன்றும் எழுதவில்லை.

இன்னொன்று. கையெழுத்துப் போட்ட பிறகும், கருவை உள்ளே வைக்கும் வரை மனம் மாறலாம். சட்டம் அந்த உரிமையை உங்களுக்குத் தருகிறது. கரு வைக்கும் நாளன்று மேசையில் படுத்துக்கொண்டுகூடச் சொல்லலாம்.

12 அக்டோபர் 2025

வயதைப் பற்றிக் கேட்டவருக்கு: இந்த வாரம் உச்ச நீதிமன்றத் தீர்ப்பு ஒன்று வந்திருக்கிறது. சட்டம் நடைமுறைக்கு வரும் முன்பே கருவை உருவாக்கி உறைய வைத்திருந்த தம்பதிகளுக்கு, தம்பதிக்கான வயது வரம்பு பொருந்தாது. 2022 ஜனவரிக்குப் பிறகு தொடங்கியவர்களுக்கு இது உதவாது. தானக் கருமுட்டை பற்றிக் கேட்டவருக்கு: 2023 மார்ச்சில் தடுத்தார்கள், 2024 பிப்ரவரியில் தளர்த்தினார்கள். மாவட்ட மருத்துவ வாரியம் சான்றளித்தால் கருமுட்டை, விந்தணு இரண்டில் ஒன்று தானமாக இருக்கலாம், மற்றொன்று தம்பதியின் சொந்தமாக இருக்க வேண்டும். கணவரை இழந்தவரோ விவாகரத்தானவரோ தனியாக முயன்றால் கருமுட்டை அவருடையதாகவே இருக்க வேண்டும். வயது 35 முதல் 45.

2 நவம்பர் 2025

உங்கள் கடிதம் கிடைத்தது. இரண்டாவது குழந்தை வேண்டும், அதனால் இப்போது முடியாது என்று அக்காவிடம் நேரிலேயே சொல்லிவிட்டீர்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். அம்மா இன்னும் பேசவில்லை, அக்கா அன்றே பேசிவிட்டார் என்றும்.

அக்காவுக்கு 34தானே. தம்பதிக்குச் சட்டம் தரும் காலம் நிறைய இருக்கிறது. ஆனால் கருமுட்டைக்கு அவ்வளவு காலம் இல்லை. ஆகவே கருவை உருவாக்கி இப்போதே உறைய வைக்கச் சொல்லுங்கள், சுமப்பவரைப் பிறகு தேடலாம். உறவில்லாத தோழி ஒருவர் முன்வந்தாலும் சட்டம் தடுக்காது. அவரிடம் அக்காவே தனியாகப் பேசட்டும், உங்கள் அம்மா வேண்டாம்.

அம்மாவிடம் நான் பேச வேண்டுமென்றால் பேசுகிறேன். வரும் ஞாயிறு மட்டும் முடியாது. திருப்போரூரில் குழந்தைக்கு மொட்டையும் காதுகுத்தும். தாய்மாமன் மடி என் கணவருடையது. காலை ஐந்து மணிக்கு வேன்.